மிரர் ஃபிலிம் ஒட்டின ஜன்னல், இருட்டின பிறகு எப்படி இருக்கிறது?

எங்கள் வீடு சத்துவாச்சாரியில், மேற்குப் பார்த்த மாடி. ஏப்ரல், மே மாதத்தில் வேலூர் வெயில் 40 டிகிரியைத் தாண்டும், பத்தாததற்குச் சுற்றியிருக்கிற மலைப்பாறையெல்லாம் சூடேறிக் கிடக்கும், மூன்று மணிக்கு மேல் ஹாலில் உட்கார முடியாது. எதிர்வீட்டு மொட்டை மாடி வேறு எங்கள் ஜன்னலுக்கு நேர் எதிரே. இந்த இரண்டுக்கும் சேர்த்துத்தான் வெள்ளி நிற மிரர் ஃபிலிம், அதாவது முகம் பார்க்கிற கண்ணாடி மாதிரிப் பிரதிபலிக்கிற மெல்லிய பிளாஸ்டிக் தாள், ஜன்னலில் ஒட்டினோம். கோடையும் மழையும் மாறி மாறிப் பார்த்தாகிவிட்டது, அதனால் இப்போது தைரியமாகச் சொல்லலாம்.

பகலில் குறையே சொல்ல மாட்டேன். வெளியிலிருந்து பார்த்தால் வானமும் எதிர்வீட்டுத் தண்ணீர்த் தொட்டியும்தான் கண்ணாடியில் தெரியும், உள்ளே இருந்து தெரு முழுக்கத் தெரியும், வெயிலின் கடுப்பும் நன்றாகவே குறைந்தது.

விளக்கு போட்டதும் எல்லாம் தலைகீழ். ஒருநாள் ஏழரை மணிக்கு வீட்டுக்காரரைத் தெருவில் நிற்கச் சொல்லிவிட்டு நான் ஹாலில் இருந்தேன். போனில் சொல்கிறார், “காலண்டர் பக்கத்துல நிக்கிற, கையில டம்ளர் வெச்சிருக்க, நைட்டியில இருக்கிற பூ கூடத் தெரியுது.” எனக்கோ அவர் தெரியவே இல்லை, கண்ணாடியில் என் முகமும் பின்னால் சுவர்க் கடிகாரமும்தான்.

காரணம் ரொம்ப எளிது. ‘ஒன் வே’, ஒரு பக்கம் மட்டும்தான் தெரியும் என்று கடையில் சொன்னாலும், ஃபிலிம் இரண்டு பக்கமும் ஒரே அளவு வெளிச்சத்தைத்தான் விடுகிறது. எந்தப் பக்கம் அதிக வெளிச்சமோ அந்தப் பக்கத்துக்கு அது முகம் பார்க்கிற கண்ணாடி, இருட்டான பக்கத்தில் நிற்பவருக்கு அது ஜன்னல். நடுப்பகல் வெயில் 1,00,000 லக்ஸ் (வெளிச்சத்தை அளக்கிற அலகு) வரை போகும், உள்ளே அதில் சொற்பம், அதனால் பகலில் நாம் மறைந்திருக்கிறோம். ராத்திரி ஹாலில் எல்.இ.டி. விளக்கு 100, 200 லக்ஸ் கொடுக்கும், தெரு விளக்கோ அதில் பத்தில் ஒரு பங்குகூட வராது. ஃபிலிமை இன்னும் அடர்த்தியாகப் போட்டால் உள்ளே கொஞ்சம் மங்கலாகத் தெரியும், அவ்வளவுதான். இருட்டுக்குப் பழகின கண்ணுக்கு அந்த மங்கலே தாராளம். கரண்ட் போய்த் தெரு விளக்கு மட்டும் எரிந்தால், அப்போது ராத்திரியிலும் நாம் மறைந்துதான் இருப்போம்!

இருட்டின பிறகுதான் என்றும் இல்லை. ஐப்பசி, கார்த்திகை மழையில் வானம் மூடிக்கொண்டால் நாலரை, ஐந்து மணிக்கே டியூப்லைட் போடுவோம் இல்லையா, அப்பவே வெளியில் தெரிய ஆரம்பித்துவிடும். பகல்தானே என்று திரையைத் திறந்தே வைத்திருப்போம், அதனால் இந்த நேரத்தில்தான் கூடுதல் கவனம் வேண்டும்.

இன்னொன்றை யாரும் சொல்வதில்லை. ராத்திரி கேட்டை யாராவது தட்டினால், அவருக்கு நாம் தெரிகிறோம், நமக்கு அவர் தெரிவதில்லை. தனியாக இருக்கிற பெண்களுக்கும் வயதானவர்களுக்கும் இது சின்ன விஷயம் இல்லை. நான் ஹால் விளக்கை அணைத்துவிட்டு, வாசல் விளக்கைப் போட்டுத்தான் பார்க்கிறேன், பளிச்சென்று தெரிகிறது. அத்தைக்கு அந்தப் பிரதிபலிப்பே பிடிக்கவில்லை, “ஜன்னலாண்ட யாரோ நிக்கிற மாதிரியே இருக்குதும்மா” என்று எழுந்து போய் அடுத்த அறையில் படுத்துக்கொள்வார்.

ஸ்லைடிங் ஜன்னல் வைத்திருப்பவர்கள் இதையும் பாருங்கள். கதவை இழுக்க இழுக்க ஓரத்து பிரஷ் உரசி, எங்கள் ஃபிலிமில் முடி அகலத்துக்கு நீளக் கீறல் விழுந்திருக்கிறது. பகலில் கண்ணில் படாது. ராத்திரி வெளியே நின்று பார்த்தால், வெள்ளிப் பூச்சு போன அந்த இடம் மட்டும் ஒளிக்கோடாகத் தெரியும்.

சரி, ராத்திரிக்கு என்னதான் வழி? ஃபிலிமோடு கனமான திரை, வேறு பேச்சே இல்லை. மெல்லிசான வெள்ளைத் திரை போதும் என்று சிலர் சொல்கிறார்கள், உள்ளே விளக்கு எரிந்தால் அதுவும் ஃபிலிம் மாதிரியே காட்டிக்கொடுக்கும். திரையே வேண்டாம் என்றால், பனி படிந்த மாதிரி மங்கலாக இருக்கிற ஃபிராஸ்டட் ஃபிலிம். அது வெளிச்சத்தைச் சிதறடிப்பதால் பகல், இரவு என்ற பேதம் இல்லை, ஆனால் நமக்கும் வெளியே எதுவும் தெரியாது, வெயில் சூட்டுக்கும் மிரர் அளவுக்கு உதவாது. ராத்திரி கண்ணாடிக்குப் பக்கத்தில் நின்றால் உருவம் நிழலாக விழும், அதிலும் விளக்கு நமக்குப் பின்னால் இருந்தால் கை, கால் அசைவு வரை தெரியும். குளியலறையில் இதற்காகவே பல்பை ஜன்னல் இருக்கிற சுவரிலேயே, ஜன்னலுக்கு மேலே மாற்றிவைத்தோம், நிழல் விழுவது நின்றுவிட்டது. பழைய வீடுகளில் இருக்கிற சொரசொரப்பான பின்ஹெட் கண்ணாடியில் ஃபிலிம் சரியாக ஒட்டாது, வழவழப்பான பக்கம் உள்பக்கமாக இருந்தால் மட்டும் முயற்சி பண்ணலாம்.

2012-இல் உச்ச நீதிமன்றம் ஃபிலிமுக்குத் தடை போட்டதே, வீட்டுக்கும் உண்டா என்று பக்கத்து வீட்டில் கேட்டார்கள். அது வண்டிக் கண்ணாடிக்குத்தான், வீட்டு ஜன்னலுக்கு இல்லை.

மேற்கு ஜன்னலில் மிரர் ஃபிலிமை எடுக்கப் போவதில்லை, வெயிலுக்கு அது வேண்டும். தெருப்பக்கம் இருக்கிற படுக்கையறைக்கு மட்டும் நெஞ்சு உயரம் வரை ஃபிராஸ்டட் ஒட்டி, மேலே காலியாக விட்டுத் திரை போடப் போகிறோம். வாங்கும் முன்பு கடையில் ஒரு சாம்பிள் துண்டு கேளுங்கள், சோப்புத் தண்ணீர் தெளித்துக் கண்ணாடியில் ஒட்டி, ராத்திரி விளக்கைப் போட்டுவிட்டுத் தெருவில் இறங்கி நின்று பாருங்கள். பகலில் கடையில் காட்டுவதை வைத்து முடிவு எடுக்காதீர்கள்.