புது கால்பந்து அணியின் தொடக்க உறுப்பினர் திட்டம்: பணம் கட்டலாமா, பொறுக்கலாமா?

அணிக்கு இன்னும் கோச் இல்லை, ஒரு வீரர்கூட ஒப்பந்தமாகவில்லை, ஸ்டேடியத்தின் ஒரு பக்க கேலரி இப்போதும் கம்பியும் கான்கிரீட்டுமாகத்தான் நிற்கிறது. ஆனால் எங்கள் நகரத்துக்கு வரப்போகும் தொழில்முறை கால்பந்து அணியின் தொடக்க உறுப்பினர் திட்டம் விற்பனைக்கு வந்துவிட்டது, நானும் முன்பணம் கட்டிச் சேர்ந்துவிட்டேன். தெரிந்தவர்கள் எல்லோரும் "கட்டலாமா, வேண்டாமா?" என்றே கேட்கிறார்கள், அதனால் இதுவரை பார்த்ததை எழுதுகிறேன்.

திட்டம் இதுதான். சீசன் டிக்கெட்டுக்கு ஒரு சிறு முன்பணம் கட்ட வேண்டும், அது பின்னால் டிக்கெட் விலையில் கழிந்துவிடும். கட்டியவர்களுக்கு ஒரு வரிசை எண், அந்த வரிசைப்படி இருக்கையைத் தேர்வு செய்யும் உரிமை, பெயர் பொறித்த அட்டை, ஒரு ஸ்கார்ஃப், உறுப்பினர்களுக்கென்று நடக்கும் கூட்டங்களுக்கு அழைப்பு. பணம் கட்டுவது சுலபம், ஆப் எங்கும் தடுமாறவில்லை, ரசீது உடனே வந்தது. ஸ்கார்ஃப் நல்ல கனமான பின்னல், எழுத்துகள் இரண்டு பக்கமும் நெய்தே வந்திருக்கின்றன, ஒட்டுப்போட்ட ரகம் இல்லை.

என் முக்கியமான குறை பணம் திருப்பித் தரும் விதியில். "அணி ஆடாத நிலையில் முன்பணம் திருப்பித் தரப்படும்" என்று ஒரே ஒரு வரி இருக்கிறது, எந்தத் தேதிக்குள் ஆடாவிட்டால் என்று எங்கும் இல்லை. கஸ்டமர் கேரில் கேட்டபோது மரியாதையாகத்தான் பேசினார்கள், ஆனால் "விரைவில் அறிவிப்போம்" என்பதைத் தாண்டி எதுவும் வரவில்லை. சின்ன விஷயம்தானே என்று சிலர் சொல்கிறார்கள். புது அணிகளின் கதைகளைக் கொஞ்சம் புரட்டிப் பார்த்தால் இது சின்ன விஷயம் இல்லை என்று தெரியும். அமெரிக்காவின் சேக்ரமென்டோவுக்கு 2019 அக்டோபரில் அந்நாட்டின் முதல் அடுக்கு லீக்கான மேஜர் லீக் சாக்கரில் ஆடும் அணி உறுதி என்று மேடை போட்டே அறிவித்தார்கள், 2021 பிப்ரவரியில் முக்கிய முதலீட்டாளர் விலகிக்கொண்டார், அத்தோடு அது நின்றுபோனது. அந்த ஊர் ரசிகர்கள் தங்கள் பழைய இரண்டாம் அடுக்கு அணியையே பிடித்துக்கொண்டு நின்றார்கள், அந்த அணி 2022இல் யு.எஸ். ஓப்பன் கோப்பையின் இறுதி ஆட்டம் வரை போனது. ஆஸ்திரேலியாவின் வெஸ்டர்ன் யுனைடெட் 2019இல் தொடங்கியபோது சொந்த ஸ்டேடியம் என்பதுதான் பெரிய வாக்குறுதி. அந்த ஸ்டேடியம் வரவே இல்லை, வெவ்வேறு ஊர்களில் போய்ச் சொந்த ஆட்டம் ஆடினார்கள், 2022இல் சாம்பியனே ஆனார்கள், கடைசியில் 2025-26 சீசனில் ஆடாமலேயே ஒதுங்க வேண்டியதாயிற்று. கோப்பை ஜெயித்த அணிக்கே இந்தக் கதி.

தாமதம் என்றாலே மோசம் என்றும் இல்லை. அதே அமெரிக்க லீக்கின் செயின்ட் லூயிஸ் சிட்டி 2022இல் தொடங்க வேண்டியது, கொரோனாவால் 2023க்குத் தள்ளிப்போனது. ஆனால் தள்ளிப்போகிறது என்பதையும் புதுத் தேதியையும் வெளிப்படையாகச் சொன்னார்கள், ரசிகர்கள் கலையவில்லை, வந்ததும் முதல் ஐந்து லீக் ஆட்டங்களையும் வென்றது அணி. அங்கேயே அட்லான்டா யுனைடெட் 2017இல் தொடங்கும்போது அதன் ஸ்டேடியம் தயாராகவில்லை, ஒரு பல்கலைக்கழக மைதானத்தில்தான் முதல் ஆட்டம், அதற்கே 55,297 பேர் வந்தார்கள். அன்று 2-1 என்று தோற்றார்கள், அடுத்த ஆண்டு லீக் கோப்பை அவர்களுடையது. ரசிகர்கள் பொறுமையாகத்தான் இருப்பார்கள், நிலவரத்தை அவ்வப்போது சொன்னால் போதும். எங்கள் கிளப் அனுப்பும் மாதாந்திர மின்னஞ்சலில் வண்ணப் படங்கள் நிறைய, கட்டுமானம் எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்பது ஒரு வரிகூட இல்லை. இதை முதலில் சரிசெய்ய வேண்டும்.

இருக்கை தேர்வு பற்றி. ஆப்பில் ஒவ்வொரு இருக்கையிலிருந்தும் மைதானம் எப்படித் தெரியும் என்று காட்டும் வசதி உண்டு, உபயோகமாகத்தான் இருக்கிறது, ஆனால் முன்னால் நிற்பவரின் தலை அதில் வராது என்பதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். கோல் கம்பத்துக்குப் பின்னால் நின்று பார்க்கும் பகுதி இருக்கிறது, ஒவ்வொரு வரிசைக்கும் இடுப்புயரக் கம்பி. அங்கே எவ்வளவு செங்குத்தாகப் படிகள் ஏறுகின்றன என்பதுதான் எல்லாவற்றையும் தீர்மானிக்கும். லாஸ் ஏஞ்சலஸ் எஃப்.சி. ஸ்டேடியத்தில் அந்தப் பகுதி 34 டிகிரி சாய்வு, கடைசி வரிசையில் நிற்பவருக்கும் மறுபக்க கோல் தெரியும், சத்தமும் கலையாமல் மைதானத்துக்குள் இறங்கும். எங்கள் ஸ்டேடியத்தின் சாய்வைச் சொல்லுங்கள் என்று உறுப்பினர் கூட்டத்தில் கேட்டபோது, கட்டுமானப் பொறியாளரே எழுந்து வரைபடத்தைத் திரையில் போட்டு விளக்கினார், படி உயரம் முதல் வெளியேறும் வழி வரை. இந்தத் திட்டத்தில் எனக்கு மிகவும் பிடித்த அரை மணி நேரம் அதுதான். இப்படிப் பதில் சொல்ல ஆள் இருக்கும்போது மின்னஞ்சலில் ஏன் வெறும் படமாக அனுப்புகிறார்கள் என்றுதான் புரியவில்லை.

அப்புறம், ரசிகர் குழு. பணம் கட்டியது வீண் இல்லை என்று நான் அடித்துச் சொல்வது இதனால்தான். உறுப்பினராகச் சேர்ந்தால் குழுவின் தயாரிப்பு மாலைகளுக்கு அழைக்கிறார்கள். முதல் ஆட்டத்துக்கு ஒரு பெரிய டிஃபோ, அதாவது ரசிகர்கள் கேலரியில் விரித்துக் காட்டும் ராட்சதத் துணிப்படம், தயாராகிறது, கேலரி முழுவதையும் மூடும் அளவுக்கு. மேல்நிலைப்பள்ளி மாணவி ஒருவர் காகிதத்தில் வரைந்த படத்தைச் சதுரங்களாகப் பிரித்து, ஒவ்வொரு சதுரத்தையும் புரொஜெக்டரில் துணிமேல் விழவைத்து, கரிக்கோலால் கோடு இழுத்து, எண் போட்டு, அந்த எண் வரிசைப்படியே பெயின்ட் அடிக்கிறார்கள். பெயின்டில் தண்ணீர் கொஞ்சம் கூடினாலும் துணியின் மறுபக்கம் ஊறிவிடும், குறைந்தால் காய்ந்ததும் வெடித்து உதிரும், அந்தப் பதம் பிடிபட எல்லோருக்கும் நேரம் எடுத்தது. காய்ந்த துண்டுகளை ஓரங்களில் இரட்டைத் தையல் போட்டு இணைக்கிறார் ஓய்வுபெற்ற தையல்காரர் ஒருவர், எல்லோருக்கும் அவர் "அண்ணன்"தான், இத்தனை வருடமாக வெளிநாட்டு ஆட்டங்களை நள்ளிரவில் தனியாக உட்கார்ந்து டிவியில் பார்த்தவர். "இனிமே நம்ம டீம்னு ஒண்ணு இருக்குமில்ல, தோத்தாலும் அது நம்ம தோல்வி" என்று ஊசியிலிருந்து கண்ணை எடுக்காமலே சொன்னார். பாட்டுப் பயிற்சியும் நடக்கிறது. மைதானத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு கூட்டத்தைப் பார்த்து நின்று பாட்டைத் தொடங்கி வைப்பவர் வேண்டும், தொண்ணூறு நிமிடமும் ஆட்டத்தைப் பார்க்காமல் நிற்கும் அந்த வேலைக்கு எங்கள் குழுவில் நான்கு பேர் போட்டி போடுகிறார்கள்.

கிளப் இந்தக் குழுவுக்கு இடம் தருகிறது, துணிச் செலவில் ஒரு பங்கும் தருகிறது, அதைப் பாராட்டியே ஆக வேண்டும். ஆனால் முடிவுகளில் பங்கு தருகிறதா என்றால், இதுவரை இல்லை. அணியின் பெயருக்கு வாக்கெடுப்பு வைத்தார்கள், மூன்று பெயர்களும் அவர்கள் கொடுத்தவை, வேறு பெயர் எழுத இடமில்லை. அமெரிக்காவின் சியாட்டிலில் 2008இல் இதே மாதிரி பெயர் வாக்கெடுப்பு நடந்தபோது, பட்டியலில் இல்லாத "சவுண்டர்ஸ்" என்ற தங்கள் பழைய அணியின் பெயரை ரசிகர்களே எழுதிப் போட்டு ஜெயிக்கவைத்தார்கள். அங்கே நான்கு ஆண்டுகளுக்கு ஒருமுறை பொது மேலாளர் தொடரலாமா என்றுகூட உறுப்பினர்கள் வாக்களிக்கலாம். அவ்வளவு தூரம் உடனே போக வேண்டாம், டிக்கெட் விலை உயர்வைப் பற்றி உறுப்பினர்களிடம் முன்கூட்டியே பேசுவோம் என்றாவது எழுத்தில் தரலாமே. இந்த அணியை டெல்லி டைனமோஸ் மாதிரி ஒரு நாள் வேறு ஊருக்குத் தூக்கிக்கொண்டு போகமாட்டோம் என்ற உறுதியையும் சேர்த்துத்தான் கேட்கிறேன். 2019இல் அந்த அணி புவனேஸ்வருக்குப் போய் ஒடிசா எஃப்.சி. ஆனது. டெல்லியில் கேலரியில் நின்று தொண்டை கிழியக் கத்தியவர்களின் இடத்தில் என்னை வைத்துப் பார்க்கவே முடியவில்லை.

ஜெர்சி முன்பதிவு இப்போது வேண்டாம். ஸ்பான்சர் பெயரே இன்னும் முடிவாகவில்லை என்கிறார்கள், முதல் தொகுப்புக்குப் பிறகு வடிவம் மாறலாம்.

மொத்தத்தில் ஐந்துக்கு மூன்றரை கொடுப்பேன். திருப்பித் தரும் தேதியை எழுத்தில் போட்டால் அன்றைக்கே நாலரை ஆக்கிவிடுவேன். ஆட்டம் பார்த்தால் போதும், உட்கார்ந்து நிம்மதியாகப் பார்க்க வேண்டும் என்பவர்கள் பொது விற்பனை வரை பொறுக்கலாம், பக்கவாட்டு கேலரிகளில் இடம் ஏராளம். கோல் கம்பத்துக்குப் பின்னால் நிற்க ஆசை இருப்பவர்கள் இப்போதே கட்டுங்கள், அந்தப் பகுதி வேகமாக நிரம்புகிறது. நண்பர்களோடு சேர்ந்து போவதாக இருந்தால் தனித்தனியாகப் பதிய வேண்டாம், ஆப்பில் "குழுவாகப் பதிவு" என்று கீழே சின்னதாக ஒரு பட்டன் இருக்கிறது, அதில் போனால்தான் எல்லோருக்கும் ஒரே வரிசை எண் விழும். பின்னால் சேர்த்துக்கொள்ளலாம் என்று கேட்டுப் பார்த்தோம், முடியாது என்று சொல்லிவிட்டார்கள்.