முப்பது முப்பதாக அச்சிட்டு நாலு வருடம்

என் முதல் புத்தகத்தை ஆஃப்செட்டில், அதாவது தகடு செய்து மொத்தமாக அடிக்கும் முறையில், 500 பிரதி அடித்தேன். 2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் மன்னார்குடிப் பக்கம் எங்கள் வீட்டு ஓட்டைப் பிரித்தபோது, பரணில் இருந்த 310 பிரதிகளும் ஊறிப்போயின. ஒன்றரை வருடமாக விற்காமல் அங்கே கிடந்தவை. அவற்றைக் குப்பையில் கொட்டிய நாளை நினைத்தால் இப்போதும் மனசு கனக்கிறது.

2021இலிருந்து, தகடு இல்லாமல் வேண்டிய அளவு மட்டும் அடிக்கும் டிஜிட்டல் அச்சுதான். மூன்று புத்தகம் ஆயிற்று, ஒரு தடவைக்கு 30 பிரதி. டெம்மி அளவு, 160 பக்கம் என்றால் எனக்குப் பிரதிக்கு 90 ரூபாய் ஆகிறது. 500 அடித்தால் ஆஃப்செட்டில் இதைவிடக் குறையும், மறுக்கவில்லை. 200 ரூபாய் விலை வைத்துக் கடைக்கு 35 சதவீதம் கழிவு கொடுத்தால் கையில் நிற்பது 40 ரூபாய். நேரில் விற்றால் 110. அதனால்தான் நேரில் விற்கப் பழகிக்கொண்டேன்.

இதில் எனக்குக் கிடைத்த பெரிய லாபம் பணம் இல்லை, திருத்தம். வேளாண் சொற்கள் பற்றிய புத்தகத்தில் தாளடி என்னும் நெல் பட்டத்தைச் சம்பாவோடு சேர்த்து எழுதிவிட்டேன். கோட்டூர்ப் பெரியவர் ஒருவர் படித்துவிட்டு, "குறுவை அறுத்த தாள்ல நடுறதுதான் தம்பி தாளடி" என்றார். அடுத்த 30இல் சரி செய்தாயிற்று. 500 அடித்திருந்தால் அந்தத் தப்பு அத்தனை வீட்டுக்கும் போயிருக்கும்.

ஒரு எச்சரிக்கை. யூனிகோடு கோப்பைப் பழைய எழுத்துருவுக்கு மாற்றி அடிக்கும் அச்சகங்கள் இன்னும் உண்டு. மாற்றும்போது கொம்பும் காலும் இடம் மாறும், ஸ்ரீ உடையும், ஔவையார் 'ஒளவையார்' ஆகிவிடுவார். ஒரு அச்சகத்தில் மெய்ப்பு (சரிபார்க்கும் மாதிரி அச்சு) கூடக் காட்டாமல் அடித்துக் கொடுத்துவிட்டார்கள். 30 பிரதியும் வீண். இப்போது ஒரே ஒரு பிரதியை முதலில் அடித்து வாங்கி, உரக்கப் படித்த பிறகுதான் மீதிக்குச் சம்மதம் சொல்கிறேன். அப்புறம், ஐப்பசி கார்த்திகை ஈரத்தில் லேமினேட் அட்டை சுருளும். பிளாஸ்டிக் உறையில் போட்டுப் பாரம் வைத்து அடுக்குங்கள்.

எழுதி முடிக்க எனக்குக் கெடு மேட்டூர்தான். ஜூன் 12 அணை திறந்தால் வயல் வேலை தொடங்கிவிடும். அதனால் தை அறுவடை முடிந்ததும் உட்கார்ந்து, சித்திரைக்குள் முடித்துவிடுவேன்.

விற்பனைக்கு உ.வே.சா. வழியைத்தான் பிடித்தேன். கும்பகோணம் கல்லூரியில் வேலை பார்த்துக்கொண்டே, 1887இல் வந்த சீவக சிந்தாமணிப் பதிப்புக்கு வாங்குவதாக முன்கூட்டியே கையொப்பம் சேர்த்தவர் அவர். நான் வாட்ஸ்அப்பில் சேர்க்கிறேன். இருபது பேராவது பெயர் கொடுத்த பிறகே அச்சகத்துக்குப் போன் செய்வேன். திருத்துறைப்பூண்டி நெல் திருவிழாவில் சொற்கள் புத்தகம் ஒரே நாளில் 19 போனது. படிக்கிறவர் கூடும் இடத்துக்குப் புத்தகத்தைக் கொண்டுபோக வேண்டும், அவ்வளவுதான்.

புத்தகத்துக்கான அடையாள எண்ணான ஐஎஸ்பிஎன்னுக்கு அரசு கட்டணம் வாங்குவதில்லை, நீங்களே விண்ணப்பிக்கலாம். சொந்தமாக வெளியிட்டால் பதிப்பாளர் நீங்கள்தான். 1954ஆம் ஆண்டுச் சட்டப்படி, வெளியான 30 நாளுக்குள் சென்னை கன்னிமாரா, கொல்கத்தா தேசிய நூலகம் உட்பட நான்கு நூலகங்களுக்குப் பிரதி அனுப்ப வேண்டும். அதையும் சேர்த்தே எண்ணிக்கை போடுங்கள்.

பக்கத்துக்குப் பக்கம் வண்ணப் படம் உள்ள புத்தகத்துக்கு இந்த முறை ஒத்துவராது, விலை எகிறிவிடும். பொது நூலகங்களுக்கு மொத்தமாக வாங்கும் நூலக ஆணை கிடைத்தாலும் அந்தப் பிரதிகளுக்கு மட்டும் ஆஃப்செட் பக்கம் போய்விடுங்கள்.