அப்பாச்சியா, எஸ்எஸ்எச்சா? எங்கள் எஸ்விஎன் சர்வருக்கு எடுத்த முடிவு

சேலம் ஐந்து ரோடு பக்கம் எட்டுப் பேர் வேலை பார்க்கும் அலுவலகம் எங்களுடையது. ஜவ்வரிசி ஆலைகளுக்கு எடை, பில் மென்பொருள் எழுதுகிறோம். கோடு முழுக்க எஸ்விஎன்னில் (கோடில் செய்யும் மாற்றங்களைப் பதிந்து வைக்கும் சப்வெர்ஷன் மென்பொருள்), 4 ஜிபி ராம் உள்ள ஒரே மெஷினில் இருக்கிறது. அதை அணுக இரண்டு வழி: அப்பாச்சி என்ற வெப் சர்வர், அல்லது எஸ்எஸ்எச் என்ற பாதுகாப்பான ரிமோட் லாகின். முதலில் அப்பாச்சியில்தான் ஓட்டினோம்.

ஒரு நாள் ஒரு ஸ்கிரிப்ட் தவறிப்போய் ஒரே ஃபைலில் ஆயிரக்கணக்கான பிராபர்ட்டிகளை (ஃபைலோடு ஒட்டிவைக்கும் குறிப்புகள்) போட்டு கமிட் செய்தது, அதாவது சர்வரில் பதிந்தது. அப்பாச்சியின் பிராசஸான எச்டிடிபிடியின் மெமரி ஏறிக்கொண்டே போய், ஸ்வாப்பும் நிரம்பி, லாகின்கூட ஆகவில்லை. பவர் பட்டனை அழுத்திப் பிடித்துத்தான் மீட்டோம்.

தேடினால், சிவிஇ-2013-1845 என்ற எண்ணில் பதிவான, தெரிந்த பாதுகாப்பு ஓட்டைதான். எஸ்விஎன் 1.6.21, 1.7.9 பதிப்புகளிலேயே அடைத்துவிட்டார்கள். 1.6.11-ஐ அப்டேட் பண்ணாமல் ஓட்டியது எங்கள் தப்பு. எந்த வழியில் போனாலும் அப்டேட் கட்டாயம். ஆனால் 2015-இலும் எச்டிடிபி பக்கம் இன்னொரு மெமரி ஓட்டை வந்தது. அடுத்தது வரும்போது மெஷினே சாயக்கூடாது என்பதுதான் என் கவலை.

அப்பாச்சியின் வசதிகள் தெரிந்தவைதான்: பிரவுசரில் கோடு பார்க்கலாம், எல்டாப் (அலுவலகத்தின் பொதுவான யூசர் பட்டியல்) இணைக்கலாம். மெமரிக்கு வரம்பு போடும் இடத்தில்தான் சிக்கல். அதற்கென்று ஆர்லிமிட்மெம் என்ற அப்பாச்சி செட்டிங் இருக்கிறதே என்று நானும் நம்பினேன். அது அப்பாச்சியின் சைல்டு பிராசஸ்கள் கிளப்பிவிடும் சிஜிஐ போன்ற வெளி புரோகிராம்களுக்குத்தான். அந்தச் சைல்டுகளுக்கே பொருந்தாது. எஸ்விஎன் மாட்யூல் ஓடுவதோ அந்தச் சைல்டுக்குள். லினக்ஸில் சர்வீஸ்களை நடத்தும் சிஸ்டம்டியில் மெமரிமேக்ஸ் என்ற வரம்பு போடலாம், ஆனால் மெமரி தீர்ந்தால் என்ன செய்வது என்று சொல்லும் ஊம்பாலிசியை மாற்றாவிட்டால், ஒரு சைல்டு கொல்லப்பட்டதும் சர்வீஸ் முழுவதும் நின்றுவிடும்.

எஸ்எஸ்எச் வழியில் ஒவ்வொரு இணைப்புக்கும் தனி எஸ்விஎன்சர்வ் (எஸ்விஎன்னின் சொந்த சர்வர் புரோகிராம்) பிராசஸ். லினக்ஸின் லிமிட்ஸ் ஃபைலில், ஒரு பிராசஸ் எடுக்கக்கூடிய மெமரிக்கான ‘ஏஎஸ்’ வரம்பை 393216 கிலோபைட் என்று வைத்தோம், அதாவது 384 எம்பி. எட்டுப் பேரும் ஒரே நேரத்தில் உச்சத்தைத் தொட்டாலும் 3 ஜிபிதான். வரம்பு மீறினால் அவருடைய கமிட் மட்டும் அறுபடும், மற்றவர்கள் வேலை ஓடும். அறுந்து கிடக்கும் டிரான்சாக்‌ஷனை எஸ்விஎன்அட்மினில் ஆர்எம்டிஎக்ஸ்என்ஸ் கட்டளை கொடுத்துத் துடைத்தால் போதும்.

தொல்லையும் உண்டு. ஆளுக்கொரு லினக்ஸ் யூசர் வைத்தால் ரெப்போவில் (கோடு சேர்ந்திருக்கும் கிடங்கு) பர்மிஷன் குழம்பும். அதனால் ஒரே யூசர், ஆளுக்கொரு எஸ்எஸ்எச் கீ, ஒவ்வொரு கீயிலும் கமிட் யார் பெயரில் பதியவேண்டும் என்று சொல்லும் டனல்-யூசர் பெயர். புது ஆள் வந்தால் கீகள் இருக்கும் ஃபைலில் ஒரு வரி சேர்க்கிறோம். எட்டுப் பேருக்கு இது சுலபம். நூறு பேர் இருக்கும் இடத்தில் நான் பார்த்ததில்லை. அங்கே எல்டாப் வேண்டும் என்றே அப்பாச்சியில் இருக்க நேரலாம். அப்படியானால் ஊம்பாலிசியை ‘கன்டினியூ’ என்று மாற்றிவிட்டு ஆரம்பியுங்கள்.