நெட்வொர்க் இழுக்க கேட்6 செம்பு வயரா, ஃபைபரா? சேலத்துக் கடைக்கும் ஏற்காட்டு ரிசார்ட்டுக்கும் ஒரே பதில் இல்லை

அம்மாபேட்டையில் ஒரே தளத்தில் பத்து கம்ப்யூட்டர், நாலு கேமரா என்று இருக்கிற ஜவுளிக் கடைக்கு ஃபைபரெல்லாம் (கண்ணாடி இழை கேபிள்) எதற்கு, கேட்6 போதும். 100 மீட்டருக்குள் 1 ஜிகாபிட் தாராளமாகப் போகும், பிஓஇ ஸ்விட்ச் (டேட்டாவோடு கரண்டும் அனுப்பும் நெட்வொர்க் பெட்டி) வைத்தால் அதே வயரிலேயே கேமராவுக்குக் கரண்டும் போய்விடும். விலை குறைவு என்று அலுமினியத்தில் செம்பு பூசிய வயரை மட்டும் வாங்கிவிடாதீர்கள், பிஓஇ லோடில் சூடாகும்.

ஏற்காட்டில் கதை வேறு. ரிசெப்ஷன் மேட்டில், காட்டேஜ்கள் சரிவில், நடுவே காப்பிச் செடிகள் என்றால் 100 மீட்டர் எந்த மூலைக்கு? அதைவிடப் பெரிய தலைவலி இடி மின்னல்: கட்டடத்துக்குக் கட்டடம் வெளியே இழுத்த செம்பு வயரில் சர்ஜ் (திடீர் மின்னழுத்த ஏற்றம்) வந்தால் இரண்டு பக்க ஸ்விட்சும் காலியாகலாம். ஃபைபரில் ஓடுவது வெளிச்சம், கண்ணாடி மின்சாரத்தைக் கடத்தாது; ஆனால் இரும்புக் கவசம் போட்ட கேபிள் என்றால் அந்தக் கவசத்தை எர்த் செய்தாக வேண்டும், இதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். சிங்கிள் மோடில் (தூரத்துக்கு ஏற்ற ஃபைபர் வகை) 10 கிலோமீட்டர் போகும் எஸ்எஃப்பி மாட்யூல் (ஃபைபரை ஸ்விட்சில் இணைக்கும் சின்னக் கருவி) சாதாரணமாகவே கிடைக்கிறது. அறுந்தால்தான் தொல்லை, அறுந்த இழையை ஒட்டும் ஸ்ப்ளைசிங் மெஷினோடு ஆள் மலையேறி வர வேண்டும்.

சரி, காட்டேஜுக்குள்ளே? அங்கே மறுபடியும் கேட்6தான்.