பெட்டியை வாங்கலாம், தேனீயைப் பார்த்து வாங்குங்க

தஞ்சாவூர் பக்கம் தேனீப் பெட்டியும் கூட்டமும் சேர்த்து வீட்டுக்கே கொண்டுவந்து வைத்துத் தருகிறவர்கள் இருக்கிறார்கள். நான் வாங்கிய இடத்தின் பெயர் வேண்டாம், சரக்கைப் பற்றி மட்டும் சொல்கிறேன். பெட்டியைக் குறை சொல்ல முடியாது. நம்மூர்த் தேனீக்கு வைக்கிற நியூட்டன் பெட்டி, நன்றாகக் காய்ந்த மரம், தேனீ அடை கட்டுகிற மரச்சட்டங்கள் சிக்காமல் தூக்க வருகின்றன, தாங்கிக் காலுக்கு எறும்பு ஏறாமல் தண்ணீர்க் கிண்ணமும் வைத்துக் கொடுத்தார்கள்.

வில்லங்கம் உள்ளே இருந்த கூட்டத்தில்தான். மூன்றே சட்டம், கடைசி அடையில் பாதி காலி. முட்டையும் இல்லை, புழுவும் இல்லை. கேட்டால், "ராணி புதுசு அண்ணே, கொஞ்ச நாள்ல முட்டை வெச்சிடும்" என்றார் கொண்டுவந்தவர். புதுசு என்றால் இன்னும் ஆணோடு சேரவில்லை. ராணி பெட்டிக்குள் சேராது. பிறந்து ஒரு வாரம் போல ஆனதும் மழையில்லாத பிற்பகலில் வெளியே போய், பறந்தபடியே பல ஆண் தேனீக்களோடு கூடித் திரும்பினால்தான் வேலைக்காரத் தேனீ வரும் முட்டை வைக்கும். இவர்களோ கூட்டம் ஓடிவிடக் கூடாது என்று வாசலில் ராணித் தடுப்புத் தகட்டை மாட்டி, "ஒரு மாசம் எடுக்காதீங்க" என்று வேறு சொல்லிவிட்டுப் போனார்கள்! அதில் வேலைக்காரத் தேனீ நுழையும், ராணி நுழையாது. அடைபட்டே நாள் கடந்துவிட்டால் அப்புறம் அது வைப்பதெல்லாம் கருவுறாத முட்டை, அதில் ஆண் மட்டும்தான் பிறக்கும். அதுதான் நடந்தது. வேலைக்காரத் தேனீ வளர வேண்டிய அறைகளில் மூடி புடைத்து, உச்சியில் ஊசிமுனைத் துளை. நம்மூர்த் தேனீயில் ஆண் புழுவுக்கு அதுதான் அடையாளம்.

தகடு இல்லாவிட்டாலும் இவ்வளவு சின்னக் கூட்டம் தாங்கியிருக்குமா என்பது சந்தேகம்தான். வயலோரக் கரண்டு கம்பியில் தேனீயைப் பிடித்துத் தின்கிற பஞ்சுருட்டானும் ரெட்டைவால் குருவியும் உட்கார்ந்திருக்கிற ஊர் இது, பறக்கப் போன ராணி திரும்பாமலே போகலாம். சில சமயம் ராணி கிளம்பும்போது மொத்தக் கூட்டமும் கூடவே போய்விடும். ஐப்பசி மழையில் பூ குறைந்து, சர்க்கரைப் பாகும் வைக்காமல் விட்டு, அடையை அரிக்கிற மெழுகுப் பூச்சியும் ஏறினால் கேட்கவே வேண்டாம், அடையைப் போட்டுவிட்டுக் கிளம்பிவிடும்.

மாற்றுக் கூட்டம் தந்தார்கள், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் பங்குனியில் எள் பூக்கும்போதுதான் வந்தது, அதுவரை வெறும் பெட்டி. வாங்குகிறவர்கள் சட்டத்தைத் தூக்கி வெயிலில் காட்டச் சொல்லுங்கள், அறைக்கு ஒரு முட்டையும் தட்டையாக மூடிய புழு அறைகளும் தெரிந்தால் மட்டும் காசு கொடுங்கள். பெட்டிக்கு நாலு நட்சத்திரம். கூட்டத்துக்கு ஒன்று, அதுவும் கூப்பிட்டபோதெல்லாம் போனை எடுத்ததற்காக.