கைப்பேசியைக் கார் சாவியாக்கித் தருகிறோம் என்பவர்களிடம் எச்சரிக்கை: என்னுடைய 1,680 வெள்ளி போனது

மலேசியாவின் பேராக் மாநிலத்தில், சுங்கை சிப்புட் வட்டாரத்திலும் சுற்றியுள்ள தோட்டப்புறங்களிலும் கார் வைத்திருப்பவர்கள் இதைத் தயவுசெய்து முழுமையாகப் படியுங்கள். பக்கத்துப் பட்டணத்தில், காருக்கு அலாரம், ரேடியோ, கண்ணாடிக்குக் கறுப்புத் தாள் முதலியவற்றைப் பொருத்தித் தரும் ஒரு கடை, என் கைப்பேசியைப் புளூடூத் வழியாகக் கார் சாவியாக மாற்றித் தருவதாகச் சொல்லி என்னிடம் 1,680 வெள்ளி (ரிங்கிட்) வாங்கியது. பணத்தைவிடப் பெரிய கொடுமை ஒன்று நேற்றிரவு தெரிய வந்தது. இவ்வளவு காலமும் என் காரின் உண்மையான சாவி அந்தக் கடைக்காரரின் கைப்பேசியில் இருந்திருக்கிறது. என்னிடம் இருந்தது, அவர் விரும்பினால் கொடுக்கவும் விரும்பாவிட்டால் பிடுங்கவும் கூடிய இரவல் சாவி மட்டுமே. ஆத்திரம் இன்னும் அடங்கவில்லை. ஆறும்வரை காத்திருந்து எழுதினால் அதற்குள் இன்னொரு பெண் அந்தக் கடைக்குப் போய்விடுவாள் என்பதால் இப்போதே எழுதுகிறேன்.

நான் ஈப்போவில் ஒரு தொழிற்சாலையில் ஷிப்டு வேலை பார்க்கிறேன். போகவும் வரவும் ஏறக்குறைய 30 கிலோமீட்டர் வீதம் என் பழைய மைவி காரில்தான் பயணம். சாவியின் பொத்தான் ரப்பர் கிழிந்து, அழுத்தினால் வேலை செய்யாமல் போனது. அதை மாற்றத்தான் அந்தக் கடைக்குப் போனேன். கடைக்காரர் சாவியை வாங்கிப் பார்த்துவிட்டு, “சாவி எதுக்கும்மா, இனிமே போனே போதும். டெஸ்லா மாதிரி கிட்ட போனா கதவு தொறந்துக்கும்,” என்றார். விலை 1,380 வெள்ளி. யோசித்துச் சொல்கிறேன் என்று நான் கிளம்பும்போதுதான் எந்தத் தோட்டம் என்று கேட்டார். சொன்னேன். அப்பாவின் பெயரைக் கேட்டார். சொன்னதும் எழுந்து நின்றுவிட்டார். அவருடைய அப்பாவும் என் அப்பாவும் ஒரே தோட்டத்தில் பக்கத்துப் பக்கத்து நிரையில் பால்மரம் சீவியவர்களாம், கோயில் திருவிழாவில் ஒன்றாகக் காவடி தூக்கியவர்களாம். பையனை அனுப்பி எனக்குத் தே ஓ ஐஸ் வாங்கி வரச் செய்தார். “நீ எனக்குத் தங்கச்சி, உன்கிட்ட நான் லாபம் பார்ப்பேனா?” என்றார். அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் நான் மறுபடியும் உட்கார்ந்தேன். தோட்டத்துப் பிள்ளையைத் தோட்டத்துப் பிள்ளை ஏமாற்றமாட்டான் என்பது எங்கள் வீட்டில் எல்லாருடைய நம்பிக்கை. அந்த நம்பிக்கையை விலை பேசித்தான் அவர் வியாபாரம் நடத்துகிறார்.

அவர்கள் பொருத்தியது ஒரு சிறிய கறுப்புப் பெட்டி. கதவுப் பூட்டின் கம்பிகளோடும் எஞ்சினை முடுக்கும் கம்பிகளோடும் அது இணைக்கப்படுகிறது. கைப்பேசியில் உள்ள செயலி புளூடூத் வழியாக அந்தப் பெட்டியோடு பேசுகிறது. அலையின் வலிமையைக் கொண்டு கைப்பேசி அருகில் இருக்கிறதா, தள்ளி இருக்கிறதா என்று பெட்டி கணித்துக் கதவைத் திறக்கிறது. எஞ்சின் விஷயம்தான் கவனிக்க வேண்டியது. சாவியின் தலைக்குள் இருக்கும் மின்னணுச் சில்லை (சிப்) அடையாளம் கண்டால்தான் என் கார் உயிர் பெறும். ஆகவே என்னுடைய இரண்டாவது சாவியைக் கேட்டு வாங்கி, “உள்ளே வைக்கணும், அப்பத்தான் ஸ்டார்ட் ஆகும்,” என்று சொல்லி ஸ்டீயரிங்குக்குக் கீழே எங்கோ வைத்து மூடினார்கள். அதன் பிறகு செயலியைத் தம்முடைய கைப்பேசியில் திறந்து, சோதித்துப் பார்க்கிறேன் என்று கடைக்காரரே முதலில் பதிவு செய்தார். பிறகு என் கைப்பேசிக்கு ஒரு இணைப்பு வந்தது, தட்டினேன், கதவு திறந்தது. பற்றுச்சீட்டில் “அலாரம் செட் 1,380” என்று மட்டும் எழுதிக் கொடுத்தார்.

ஏறக்குறைய ஒரு மாதம் நன்றாகத்தான் இருந்தது. ஒரு நாள் காலையில் கதவு திறக்கவில்லை. சாவியைப் போட்டுக் காரைக் கடைக்கு ஓட்டிச் சென்றேன். செயலியின் லைசென்ஸ் முடிந்துவிட்டது, ஆண்டுக் கட்டணம் 300 வெள்ளி என்றார். முதலில் ஏன் சொல்லவில்லை என்று கேட்டதற்கு, கம்பெனி இப்போதுதான் மாற்றியது என்றார். வேலைக்கு நேரமாகிக்கொண்டிருந்தது. கியூஆர் குறியீட்டை வருடிப் பணம் அனுப்பினேன். பணம் சேர்ந்த ஒலி அவருடைய கைப்பேசியில் கேட்டது. அவர் இருந்த இடத்தை விட்டு எழவில்லை, காரின் பக்கம் திரும்பக்கூட இல்லை, கையில் இருந்த அதே கைப்பேசியில் இரண்டு மூன்று தட்டு தட்டினார். வெளியே நின்ற என் காரின் பூட்டு டக்கென்று திறந்தது. 1,380-உம் 300-உம் சேர்ந்து 1,680 வெள்ளி. அந்த ஒலியும் அந்தத் தட்டலும் நேற்றிலிருந்து மனத்தை விட்டு அகல மறுக்கின்றன.

ஆண்டுக் கட்டணம் என்று வாங்கியது அடுத்த மாதமே செத்தது. அதுவும் நள்ளிரவில், தொழிற்சாலையின் கார் நிறுத்துமிடத்தில். செயலியில் பூட்டின் படம் சாம்பல் நிறமாகக் கிடந்தது. தம்பி மோட்டார் சைக்கிளில் சாவியோடு வந்து சேரும்வரை பாதுகாவலர் சாவடியின் ஓரமாக நின்றேன். சாவியால் கதவைத் திறந்ததும் அவர்கள் பொருத்திய அலாரம் அலற, எஞ்சினை முடுக்கும்வரை அது அடங்கவில்லை. சாவியைச் சுமந்து திரிய வேண்டாம் என்பதற்காகத்தானே 1,680 வெள்ளி கொடுத்தேன்?

அதன் பிறகு அவர் சொன்ன சமாதானங்களை வரிசையாக எழுதினால் பக்கம் போதாது. ஒவ்வொன்றும் பாதி உண்மை. அதனால்தான் ஒவ்வொன்றையும் நம்ப முடிந்தது. கைப்பேசியின் பேட்டரி சேமிப்பு செயலியை உறங்க வைத்துவிடுகிறது என்றார். அது நடக்கக் கூடியதுதான். அமைப்பில் அந்தச் செயலிக்குப் பேட்டரிக் கட்டுப்பாடு இல்லை என்று மாற்றினேன். ஆண்ட்ராய்டு 12 முதல் “அருகிலுள்ள சாதனங்கள்” என்னும் அனுமதி வேண்டும் என்றார். அதுவும் உண்மை, கொடுத்தேன், இருப்பிட அனுமதியையும் “எப்போதும்” என்று வைத்தேன். பின் பையில் வைத்தால் உடம்பு அலையை மறைக்கும் என்றார். கையில் பிடித்துக் கதவோடு ஒட்டி நின்றேன். காரின் 12 வோல்ட் பேட்டரி இறங்கியிருக்கும் என்றார்; அளந்து பார்த்ததில் அது நலமாக இருந்தது. பழைய இணைப்பை நீக்கிவிட்டுப் புதிதாக இணைக்கச் சொன்னார், செயலி மறுத்தது. உண்மையான கோளாறு என்றால் இவற்றில் ஏதாவது ஒன்றில் பிடிபட்டிருக்கும். பிறகு பதில்கள் சுருங்கின. மழையாம். என் கைப்பேசி பழசாம், அவருடைய நண்பர் கடையில் புதிது வாங்கினால் சரியாகுமாம். சர்வர் சீனாவில் இருக்கிறதாம், அங்கே விடுமுறையாம். கடைசியில் புலனத்தில் (வாட்ஸ்அப்) நீலக் குறி மட்டும் விழுந்தது, பதில் வரவில்லை.

நேற்றிரவு என் தம்பி செயலியின் உள்ளே ஒவ்வொரு பக்கமாகத் திறந்து பார்த்தான். சாவியின் விவரம் என்ற பக்கத்தில், மிகச் சிறிய எழுத்தில், என் பெயருக்கு எதிரே “கெஸ்ட்”, அதாவது விருந்தாளி, என்று இருந்தது. அதற்குக் கீழே முடிவுத் தேதி: நான் இருட்டில் நின்ற அதே இரவு. அதற்கும் கீழே உரிமையாளர் என்ற இடத்தில் நட்சத்திரக் குறிகளால் மறைத்த ஒரு தொலைபேசி எண். கடைசி நான்கு இலக்கங்கள் மட்டும் தெரிந்தன. பற்றுச்சீட்டின் தலைப்பில் அச்சிட்டிருந்த எண்ணோடு ஒப்பிட்டோம். அதே நான்கு இலக்கங்கள்.

லைசென்ஸ் என்று ஒன்று இருக்கவே இல்லை. முதலில் பதிவு செய்தவர் உரிமையாளர். மற்றவர்களுக்கு அவர் நாள் குறித்துச் சாவி பகிரலாம். எனக்கு அவர் பகிர்ந்தது ஒரு மாதச் சாவி, 300 வெள்ளி வாங்கிக்கொண்டு தட்டியது இன்னொரு மாதம். டெஸ்லா மாதிரி என்று வாய் கூசாமல் சொன்னாரே, அந்தக் காரில் கைப்பேசி செத்துப்போனால் கதவைத் திறக்கத் தனி அட்டை கொடுக்கிறார்கள், உரிமையும் காரை வாங்கியவர் கணக்கில்தான் இருக்கும். எனக்கு அட்டையும் இல்லை, உரிமையும் இல்லை.

இன்று காலையில் எங்கள் தாமான் குடியிருப்புக்குப் பக்கத்தில் உள்ள, கார் வயரிங் வேலை பார்க்கும் வயர்மேன் அண்ணனை அழைத்துப் பெட்டியைக் கழற்றச் சொன்னேன். ஸ்டீயரிங் தூணுக்கு அடியிலிருந்து என் இரண்டாவது சாவி வெளியே வந்தது. செம்புக் கம்பி சுற்றி, அதன்மேல் கறுப்பு டேப் ஒட்டி, தூசியோடு. அதாவது, என் காரின் கதவைத் தம் கைப்பேசியால் திறக்க முடிந்த ஒருவருக்கு, எஞ்சினை முடுக்கத் தேவையான சில்லு உள்ளேயே தயாராகக் காத்திருந்திருக்கிறது. புளூடூத் கொஞ்ச தூரம்தானே எட்டும் என்று சிலர் ஆறுதல் சொல்கிறார்கள். என் வீடு எது, கார் எந்த மரத்தடியில் நிற்கும், எந்த நேரத்தில் நான் தனியாகத் திரும்புகிறேன் என்றெல்லாம் தெரிந்த ஒருவருக்கு அந்தத் தூரம் ஒரு பொருட்டா?

தொலைபேசியில் கேட்டதற்கு, “அது சும்மா ஃபார்மாலிட்டி தங்கச்சி, எல்லாருக்கும் அப்படித்தான் போடுவோம்,” என்றார். எல்லாருக்கும் என்றாரே, அதற்காகத்தான் இந்தப் பதிவு. பணத்தைத் திருப்பிக் கேட்டதும், கழற்றிய பொருளுக்கு உத்தரவாதம் இல்லை என்று சொல்லி இணைப்பைத் துண்டித்துவிட்டு என் எண்ணையும் தடுத்துவிட்டார். அப்பா, போகட்டும் விடும்மா, தெரிந்த குடும்பம் என்கிறார். நான் விடுவதாக இல்லை. போலீஸ் புகார் செய்துவிட்டேன். அடுத்தது பயனீட்டாளர் நடுவர் மன்றம். அங்கே 50,000 வெள்ளி வரையிலான கோரிக்கைகளை விசாரிக்கிறார்கள், பதிவுக் கட்டணம் 5 வெள்ளி, வழக்கறிஞர் தேவையில்லை, சம்பவம் நடந்து 3 ஆண்டுக்குள் மனுச் செய்யலாம். பற்றுச்சீட்டு, கியூஆர் பணம் அனுப்பிய பதிவு, புலன உரையாடல், அந்த “கெஸ்ட்” பக்கத்தின் படம் எல்லாவற்றையும் அச்செடுத்து வைத்திருக்கிறேன். 1,680 வெள்ளியையும் கேட்பேன்.

விரிவாக ஆலோசனை எழுத நினைத்தேன்; வேலைக்குக் கிளம்ப வேண்டும். அவசரமாகச் சொல்கிறேன். செயலியை முதலில் உங்கள் கைப்பேசியில், உங்கள் எண்ணில், உங்கள் கையாலேயே பதிவு செய்யுங்கள். சோதிக்கிறேன் என்று யாரும் முந்திக்கொள்ள விடாதீர்கள். இரண்டாவது சாவியைக் காருக்குள் புதைக்கக் கொடுக்காதீர்கள். பற்றுச்சீட்டில் பொருளின் பெயர், உத்தரவாதக் காலம், ஆண்டுக் கட்டணம் உண்டா இல்லையா என்று எழுதி வாங்குங்கள். ஏற்கெனவே இப்படிப் பொருத்தியவர்கள் இன்றைக்கே சாவி விவரப் பக்கத்தைத் திறந்து உரிமையாளர் யார் என்று பாருங்கள். உங்கள் எண் இல்லையென்றால், கடைக்காரரைக் கூப்பிடுவதற்கு முன்பே பக்கத்தைப் படம் எடுத்துக்கொண்டு, வயர்மேனை அழைத்து உள்ளே இருக்கும் சாவியை வெளியே எடுத்துவிடுங்கள். அதே கடையில் ஏமாந்தவர்கள் இருந்தால் எனக்குத் தனிச் செய்தி அனுப்புங்கள். சேர்ந்தே மனுச் செய்வோம்.