சூர்ய கர் சோலார் கடன்: எந்த வீட்டுக்கு லாபம், எந்த வீட்டுக்கு வேண்டாம்

மத்திய அரசின் சூர்ய கர் திட்டத்தில் மொட்டை மாடியில் சோலார் போட வங்கி கொடுக்கும் கடன் நல்ல கடன். 3 கிலோவாட் வரை ஈடு கிடையாது. வட்டி, ரிசர்வ் வங்கி மற்ற வங்கிகளுக்குக் கடன் கொடுக்கும் ரெப்போ விகிதத்துக்கு மேல் அரை சதவீதம்தான். திருப்பிக் கட்ட 10 வருடம் தருகிறார்கள். வீட்டுச் செலவுக்கு இந்த வட்டியில் பணம் கிடைப்பது அரிது. ஆனாலும் எல்லா வீட்டுக்கும் இது லாபம் என்று சொல்வதற்கில்லை. ஈ.பி. அட்டையில் இரண்டு மாதத்துக்கு 400 யூனிட்டுக்குள் ஓடுகிற வீட்டுக்கு இந்தக் கடன் வேண்டாம். 600-ஐத் தாண்டுகிற வீட்டுக்குத் தாராளமாக வாங்கலாம். நடுவில் இருப்பவர்கள் முதலில் கைவைக்க வேண்டியது மாடியில் அல்ல, மின்விசிறியில்.

காரணம் கட்டணப் படிகளில் இருக்கிறது. இங்கே போடும் கணக்கு 2024 ஜூலையில் வீட்டு இணைப்புக்கு வந்த கட்டணப்படி. 2025 ஜூலையில் உயர்ந்த பகுதியை வீடுகளுக்காக அரசே ஏற்றுக்கொண்டது. முதல் 100 யூனிட் இலவசம். மொத்தம் 500-க்குள் நின்றால் 101 முதல் 200 வரை யூனிட்டுக்கு ரூ.2.35, அடுத்த 200-க்கு ரூ.4.80, கடைசி நூறுக்கு ரூ.6.45. ஆக 500 யூனிட்டுக்கு பில் ரூ.1,840. ஐந்நூறைத் தாண்டிவிட்டால் அந்த ரூ.2.35 படியே காணாமல் போய், 101-இலிருந்தே ரூ.4.80 ஆகிவிடும். மேலே ரூ.8.55, 600-க்கு அப்பால் ரூ.9.65. அதனால் 510 யூனிட் ஓடினால் பில் ரூ.2,170. பத்து யூனிட்டுக்கு 330 ரூபாய்! 600 யூனிட்டுக்கு ரூ.2,940, 800-க்கு ரூ.4,870. கடனுக்கு மனு போடும் முன் கடைசி ஆறு பில்களை எடுத்து வைத்து எந்தப் படியில் நிற்கிறோம் என்று பாருங்கள். ஏப்ரல், மே பில்லை மட்டும் பார்த்து முடிவு செய்தால் தேவைக்கு மேல் பெரிய அமைப்பைத் தலையில் கட்டிவிடுவார்கள்.

இனி கடன் கணக்கு. மத்திய அரசு மானியம் 1 கிலோவாட்டுக்கு ரூ.30,000, இரண்டுக்கு ரூ.60,000, மூன்றுக்கும் அதற்கு மேலும் ரூ.78,000. மூன்றாவது கிலோவாட்டுக்கு ரூ.18,000 மட்டுமே கூடுவதைக் கவனியுங்கள். நம் கிருஷ்ணகிரி, தருமபுரிப் பக்க வெயிலுக்கு ஒரு கிலோவாட் நாளொன்றுக்குச் சராசரி 4 யூனிட் தரும்; இரண்டு மாதத்துக்கு 240.

2 கிலோவாட்டுக்கு கொட்டேஷன் ரூ.1,40,000 என்று வைத்துக்கொள்வோம். பத்து சதவீதம், அதாவது ரூ.14,000 நம் கைப்பணம். கடன் ரூ.1,26,000. மானியம் வந்ததும் கடனில் கட்டிவிட்டால் பாக்கி ரூ.66,000. 6 சதவீத வட்டி, 10 வருடம் என்றால் மாதத் தவணை சுமார் ரூ.733. 600 யூனிட் ஓடுகிற வீட்டில் மாதக் கணக்கில் பில் ரூ.1,470, சோலார் 480 யூனிட்டை ஈடுகட்டிவிட்டால் அதில் ஏறக்குறைய முழுதும் மிச்சம். தவணை போகவும் கையில் நிற்கும். அதே அமைப்பை 400 யூனிட் வீட்டில் போட்டால், மொத்த பில்லே மாதம் 600 ரூபாய்க்குள்தான். தவணை 733. பத்து வருடமும் கைநஷ்டம்.

800 யூனிட் வீட்டுக்கு 3 கிலோவாட் சரி. ரூ.1,95,000 கொட்டேஷனில் கைப்பணமும் மானியமும் போக ரூ.97,500 நிற்கும், தவணை ரூ.1,082. மாத பில் ரூ.2,435 கிட்டத்தட்ட மறைந்துவிடும். 3 கிலோவாட்டைத் தாண்டினால் மானியம் ஏறாது, ஆனால் வட்டியும் கைப்பணப் பங்கும் ஏறும். வீட்டில் மூன்று ஏ.சி. ஓடினாலொழிய அந்தப் பக்கம் போக வேண்டாம்.

கொட்டேஷனில் ஜி.எஸ்.டி. வரியையும் பாருங்கள். 2025 செப்டம்பர் 22 முதல் சோலார் சாதனங்களுக்கு வரி 12-இலிருந்து 5 சதவீதமாக இறங்கிவிட்டது. 70 பங்கு பொருள், 30 பங்கு வேலை என்று பிரித்துப் போடுவதால் மொத்தத்தில் முன்பு 13.8 சதவீதம் வந்தது, இப்போது 8.9. பழைய 13.8 இன்னும் அச்சில் இருந்தால் திருத்தி வாங்குங்கள்.

நடுவில் நிற்கும் 500, 600 யூனிட் வீடுகளுக்கு வருவோம். பழைய மின்விசிறி 75 வாட் இழுக்கும், குறைந்த மின்சாரத்தில் ஓடும் புதிய பி.எல்.டி.சி. வகை விசிறி 35 வாட்டுக்குள். நாளுக்கு 12 மணி நேரம் ஓடினால் ஒரு விசிறியில் இரண்டு மாதத்துக்கு 29 யூனிட் மிச்சம். நான்கை மாற்றினால் 115. அதாவது 600 யூனிட் 485 ஆகிறது, படி உடைகிறது, பில் ரூ.2,940-இலிருந்து ரூ.1,743-க்கு இறங்குகிறது. விசிறி ஒன்று 3,000 ரூபாய் என்றால் போட்ட 12,000 இருபது மாதத்தில் திரும்பிவிடும். சோலாரில் போடும் எந்த ரூபாயும் இவ்வளவு சீக்கிரம் திரும்பாது. புது விசிறி மாட்டும்போது பழைய ரெகுலேட்டரைக் கழற்றிவிட்டு நேரடி சுவிட்ச் போடச் சொல்லுங்கள். பழைய ரெகுலேட்டர் வழியாக ஓட்டினால் விசிறிக்குள் இருக்கும் மின்னணுப் பலகை கெட்டுப்போகலாம்.

விசிறிக்கும் ஃபிரிட்ஜுக்கும் கடைகள் காட்டும் 'வட்டியில்லாத் தவணை' தனி விஷயம். 12,000 ரூபாய்க்கு ஆறு மாதத் தவணை, செயலாக்கக் கட்டணம் 500, அதற்கு 18 சதவீத வரி சேர்த்து ரூ.590. மாதாமாதம் 2,000 குறைந்துகொண்டே வருவதால் சராசரியில் ரூ.7,000தான் நம்மிடம் இருக்கிறது. அப்படிப் பார்த்தால் வருட வட்டி 17 சதவீதம்! முதல் தவணையைக் கையோடு வாங்கிக்கொண்டால் இன்னும் கூடும். கட்டணம் இல்லாமல் தருகிறார்களா என்று கேளுங்கள். இல்லையென்றால் இரண்டிரண்டாகக் கைக்காசுக்கு வாங்குவது மேல். நகைக்கடன் பொதுவாக ஒரே வருடத்தில் திருப்ப வேண்டியது. விசிறிக்குச் சரி, பத்து வருடத்தில் திரும்பும் சோலாருக்கு நகையை வைக்கக் கூடாது.

மனு போடும் வேலை சொன்னதைவிட நீளம். பாதி வீடுகள் பெயரில்தான் சிக்கும். ஈ.பி. இணைப்பு இறந்துபோன அப்பா பெயரிலோ தாத்தா பெயரிலோ இருந்தால் முதலில் பெயர் மாற்றம், பிறகுதான் மற்றதெல்லாம். ஆதாரில் இனிஷியல் முன்னால், வங்கிப் புத்தகத்தில் பின்னால், ஈ.பி.யில் இனிஷியலே இல்லை என்கிற வீடுகள் ஏராளம். மூன்றையும் ஒன்றாக்கிவிட்டு உட்காருங்கள். மானியம் கடைசிக் கட்டத்தில் திரும்பிப் போக இதுவும் ஒரு காரணம். அதன்பின் சூர்ய கர் தளத்தில் இணைப்பு எண்ணோடு பதிவு. 10 கிலோவாட் வரை சாத்தியக்கூறு ஆய்வு இல்லாமலே அனுமதி உண்டு. பிறகு தளத்தில் உள்ள பட்டியலிலிருந்து நிறுவனத்தைத் தேர்ந்தெடுத்து, கொட்டேஷனோடு மத்திய அரசின் கடன் தளமான ஜன் சமர்த் வழியாகக் கடன் மனு.

வங்கி பணத்தை நிறுவனத்தின் கணக்குக்கே அனுப்பும். முழுப் பணமும் முன்கூட்டிப் போய்விட்டால், பேனல் ஏறிய பிறகு நெட் மீட்டருக்கு (நாம் ஈ.பி.க்குக் கொடுப்பதையும் எடுப்பதையும் கணக்கிடும் மீட்டர்) அலைவது நாம்தான். கடைசி 10 சதவீதம் நெட் மீட்டர் ஓடத் தொடங்கிய பிறகு என்று ஒப்பந்தத்தில் எழுதச் சொல்லுங்கள். தவணைக்கு ஆறு மாத அவகாசம் உண்டென்றாலும் வட்டி அப்போதும் ஓடும். மானியம் சேமிப்புக் கணக்கில் விழுந்தால் அன்றே கடனுக்கு மாற்றுங்கள். தனிநபரின் மாறும் வட்டிக் கடனுக்கு முன்கூட்டிக் கட்டும் அபராதம் கிடையாது. தவணைத் தொகையைக் குறைப்பதா, மாதங்களைக் குறைப்பதா என்று எழுதிக் கொடுங்கள். சொல்லாமல் விட்டால் வங்கி தன் வழக்கப்படி செய்துவிடும்.

பொருளில் பார்க்க வேண்டியவை. பேனலும் அதற்குள் இருக்கும் சோலார் செல்களும் இந்தியாவிலேயே செய்தவையாக (இதைத்தான் டி.சி.ஆர். வகை என்பார்கள்) இல்லாவிட்டால் மானியம் இல்லை. இறக்கும்போதே வரிசை எண்களைப் படம் எடுத்து வையுங்கள். எர்த் குழி மூன்று தனித்தனியாக வேண்டும்: பேனல் பக்க டி.சி. மின்சாரத்துக்கு ஒன்று, வீட்டுப் பக்க ஏ.சி. மின்சாரத்துக்கு ஒன்று, இடிதாங்கிக்கு ஒன்று. சித்திரை வைகாசி இடிமழை அடிக்கிற ஊரில் ஒரே குழியில் மூன்றையும் கட்டினால், டி.சி.யை ஏ.சி.யாக மாற்றும் இன்வெர்ட்டருக்கு ஆபத்து. தட்டோடு பதித்த மாடியில் துளைபோட்டு ஆங்கர் போல்ட் அடிக்க விடாதீர்கள், ஐப்பசி மழையில் ஒழுகும். கான்கிரீட் கட்டை வார்த்து அதன்மேல் சட்டத்தை நிறுத்தினால் போதும். சாய்வு தெற்குப் பார்த்து 12 பாகை. தண்ணீர்த் தொட்டியின் நிழலை மார்கழியில் காலை 9 மணிக்குப் பார்த்துவிட்டு இடம் குறியுங்கள்.

மின்தடையின்போது இந்த அமைப்பும் நின்றுவிடும். லைனில் வேலை செய்பவர்கள் உயிரைக் காக்கத்தான் அப்படி வைத்திருக்கிறார்கள். கரண்ட் போனாலும் விளக்கு எரியும் என்று யாராவது விற்றால் நம்பாதீர்கள், அதற்கு பேட்டரி வேறு வேண்டும். டிரான்ஸ்பார்மரிலிருந்து தள்ளியிருக்கும் கிராம வீடுகளில் மதியம் வோல்டேஜ் ஏறி இன்வெர்ட்டர் அடிக்கடி நின்று நின்று ஓடும். இன்வெர்ட்டரிலிருந்து மீட்டர் வரை 4 சதுர மி.மீ. ஒயருக்குப் பதில் 6 போட்டால் இது கொஞ்சம் குறையலாம்.

கழுவும் தண்ணீர்தான் நம் மாவட்டங்களுக்கே உரிய பிரச்சினை. போர் தண்ணீர் உப்புத் தண்ணீர். அதை ஊற்றிக் காயவிட்டால் கண்ணாடியின் கீழ் விளிம்பில், சட்டத்தை ஒட்டி, விரற்கடை அகலத்துக்கு வெள்ளைப் பட்டை படியும். அதன்மேல் பர்கூர் பக்கம் கிரானைட் தூசும் சேர்ந்து இறுகினால் துணிக்கு வராது. அந்தப் பட்டை கடைசி வரிசை செல்லை மறைக்க மறைக்க முழுப் பேனலின் உற்பத்தியும் இறங்கும். ஒகேனக்கல் குடிநீர் வருகிற நாளில் இரண்டு குடம் ஒதுக்கி, வெயில் ஏறும் முன், சோப்புத் தூள் இல்லாமல் மெத்தென்ற துடைப்பானால் கழுவி வழித்துவிடுங்கள். பதினைந்து நாளுக்கு ஒருமுறை போதும். ஐந்து வருடப் பராமரிப்பு நிறுவனத்தின் பொறுப்பு என்பதைத் திட்டமே சொல்கிறது. அதற்குத் தனியாகப் பணம் கேட்டால் கொடுக்க வேண்டியதில்லை. மானியம் 2026–27 நிதியாண்டு வரைதான் என்பதால், பெயர் மாற்ற வேலை பாக்கி உள்ளவர்கள் அதை இந்த மாதமே தொடங்குங்கள்.